அன்றாடம் அணியும் மோதிரத்துக்கு எந்தக் கல்?

தை மாதம் என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். வைரம் வேண்டாம், நிறமுள்ள கல்தான் வேண்டும் என்கிறாள். பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அவள் மனம் ஓபலில் போய் நின்றுவிட்டது. "பெரியம்மா, ஒரே கல்லுக்குள் எத்தனை நிறம் பாருங்கள்!" என்றாள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மோட்டார் சைக்கிளில் போய் வருகிறாள், வீட்டில் பாத்திரமும் துலக்குகிறாள். அந்தக் கைக்கு எந்தக் கல் தாங்கும் என்பதுதான் என் கவலை.

கல் கீறலை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்ட, 1812இல் கனிமவியலாளர் மோஸ் வகுத்த கடின அளவுகோலில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9. நாம் கவனிக்க வேண்டிய எண் 7. வீட்டுத் தூசியிலும் கடற்கரை மணலிலும் கலந்திருக்கும் குவார்ட்ஸ் என்னும் கனிமத் துகளின் கடினம் அது. அதற்குக் கீழே உள்ள கல்லைத் துணியால் அழுத்தித் துடைத்தாலே நாளடைவில் கீறல் விழுந்து பளபளப்பு மங்கும்.

ஓபலின் கடினம் ஏறத்தாழ 5.5 முதல் 6.5 வரை. கல்லுக்குள்ளேயே நீர் இருப்பதால், திடீர் வெப்பமாற்றத்திலும் மிகை வறட்சியிலும் வெடிப்பு விடக்கூடும். எத்தியோப்பிய ஓபல்களில் பல நீரை உறிஞ்சும்; நனைந்தால் வண்ண ஜாலம் தற்காலிகமாக மறைந்துபோவதும் உண்டு. மஞ்சளும் எண்ணெயும் புழங்கும் சமையலறைக்கு அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சந்திரகாந்தக்கல்லும் டான்சனைட்டும் வேறு வகையில் பலவீனமானவை. கீறலைத் தாங்குவது ஒன்று, அடியைத் தாங்குவது வேறு. சந்திரகாந்தக்கல்லுக்கு இரு திசைகளிலும், 1967இல் தான்சானியாவில் கண்டெடுக்கப்பட்ட டான்சனைட்டுக்கு ஒரு திசையிலும் எளிதில் பிளந்துவிடும் தளம் உண்டு. கதவு விளிம்பில் ஒரு இடி பட்டால் போதும்.

மரகதத்தின் எண் 7.5 முதல் 8 வரை. கேட்க நன்றாக இருக்கும். என் கையில் இருந்ததும் மரகதம்தான். மரகதத்துக்குள் இயல்பாகவே மெல்லிய வெடிப்புகள் இருக்கும்; அவை தெரியாமலிருக்கப் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றி விற்கிறார்கள். நான் மோதிரத்தைச் சுத்தம் செய்யக் கொடுத்த கடையில், எதுவும் கேட்காமல், அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அதிர்வலைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். எண்ணெய் வெளியேறி, திரும்பி வந்த கல்லில் வெடிப்புகள் நரம்புகளாகத் தெரிந்தன. அன்று கடையிலேயே அழுதேன். மறுபடி எண்ணெய் ஏற்றலாம் என்றார்கள்; எனக்கு அந்தக் கல்லின் மீது பழைய பாசம் திரும்பவில்லை.

முத்தும் பவளமும் தினசரி மோதிரத்துக்கு வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறே அவற்றை அரிக்கும்.

நாங்கள் பார்த்து வைத்தவற்றில் எஞ்சியவை இரண்டு. ஊதா நிறச் செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்) குவார்ட்ஸ் இனம், கடினம் 7. பிளவுத்தளத் தொல்லை இல்லை, விலையும் குறைவு. நீண்ட நாள் கடும் வெயிலில் கிடந்தால் நிறம் வெளுக்கலாம். கார்னெட் 6.5 முதல் 7.5 வரை. அதற்கும் பிளவுத்தளம் இல்லை, பொதுவாக எண்ணெயோ சூடோ ஏற்றாமல் இயற்கையாகவே கிடைக்கும். என் ஓட்டு இதற்குத்தான். நம் கோமேதகம்கூடக் கார்னெட்டில் ஒரு வகையே. தேன் நிறத்தில் ஒன்றைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. "ராகுவின் கல்லை நிச்சயதார்த்தத்துக்கா?" என்று என் அம்மா தடுத்துவிட்டார். ஆகவே மாதுளை முத்துப்போன்ற சிவப்புக் கார்னெட்டைக் காட்டினேன்; அவர் முகம் மலர்ந்தது.

கல்லைப் போலவே கட்டும் முக்கியம். இங்கே எல்லோரும் 916 தங்கம்தான் (22 காரட்) கேட்பார்கள். அது மென்மையானது, கல்லைப் பற்றும் கொக்கிகள் நாளடைவில் வளைந்துவிடும். அன்றாட மோதிரத்துக்கு 750 தங்கமே (18 காரட்) உறுதி. கொக்கி வைக்காமல், கல்லைச் சுற்றிலும் தங்க விளிம்பு கட்டிப் பதிக்கச் சொன்னால் ஓரங்கள் அடிபடாமல் தப்பிக்கும்.

ஓபலை அவள் மறக்கவில்லை. அதைச் சங்கிலியில் பதக்கமாகக் கோத்துப் போட்டுக்கொள்ளட்டும். கழுத்தில் கிடக்கும் கல்லுக்குக் கைக்கு விழும் இடிகள் இல்லை. அதை வாங்கித் தருவது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.