பிளிட்ஸ்ஓர்ட்டுங்: மின்னல் வரைபடமும் அதன் ரிசீவரும்

ஜெர்மனியின் டூசல்டார்ஃப் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பேராசிரியர் எகோன் வாங்கே முன்னின்று உருவாக்கிய மின்னல் கண்டறியும் வலையமைப்பு பிளிட்ஸ்ஓர்ட்டுங். மின்னலின் இடம் காணுதல் என்பதே அந்தச் சொல்லின் பொருள். தன்னார்வலர்கள் வீட்டில் ரிசீவர் வைத்துக்கொண்டு, அதில் பதிவாகும் சிக்னலை இணையம் வழியே சர்வருக்கு அனுப்புகிறார்கள். மின்னல் விழுந்த இடங்களைக் காட்டும் வரைபடத்தைப் பார்க்கக் காசு வேண்டாம், கணக்கும் தொடங்க வேண்டாம்.

இந்த வலையமைப்பின் தரவை வரைபடமாகக் காட்டும் லைட்னிங்மேப்ஸ் தளத்தில் மின்னல் வெட்டிய சில நொடிகளில் புள்ளி விழுந்துவிடும். அதைச் சுற்றி விரியும் வட்டம் இடியோசை நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் பரவுவதைக் காட்டுகிறது. வட்டம் உங்கள் ஊரைத் தொடும் நேரத்தில் இடி கேட்டால் கணிப்பு சரி. இவ்வளவு எளிதாகப் பயனரே சரிபார்க்கக்கூடிய வானிலைச் சேவை அபூர்வம். 15 கிலோமீட்டருக்கு அப்பால் இடி பெரும்பாலும் கேட்காது. அதைத் தளத்தின் பிழையாக எண்ண வேண்டாம்.

மின்னல் கிளப்பும் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலை, தரைக்கும் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்துக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். அது ஒவ்வொரு நிலையத்துக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்திலிருந்து இடம் கணக்கிடப்படுகிறது. ஒரு மைக்ரோநொடியில் அலை 300 மீட்டர் கடந்துவிடுவதால், ரிசீவரின் கடிகாரம் அவ்வளவு பிசகினாலே புள்ளி இடம் மாறும். ஒவ்வொரு ரிசீவரிலும் துல்லியமான நேரம் தரும் ஜிபிஎஸ் இருப்பது அதற்காகத்தான். நிலையங்கள் மின்னலைச் சூழ்ந்து அமைந்திருப்பதும் முக்கியம். எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால் எத்தனை இருந்தும் புள்ளிகள் நீளவாக்கில் சிதறும்.

இங்கேதான் நமக்குச் சிக்கல். ஐரோப்பாவில் நிலையங்கள் நெருக்கமாக உள்ளன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அரிது. வலுக்குறைந்த மின்னல்கள் தப்பிவிடும். ஆகவே வரைபடம் காலியாக இருக்கிறதே என்று வயலில் இறங்கிவிடக் கூடாது. உயிர், உடைமைப் பாதுகாப்புக்கு இதை நம்ப வேண்டாமென்று தளமே அறிவிக்கிறது. இந்தியாவில் எச்சரிக்கைக்கு, புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி செயலிதான் பொருத்தம்: நாட்டுக்குள்ளேயே நிறுவிய உணரிகள், 20, 40 கிலோமீட்டர் சுற்றளவுக்கான எச்சரிக்கை. பார்க்க அழகாக இருப்பது என்னவோ ஜெர்மன் வரைபடம்தான்.

சரி, சொந்தமாக ரிசீவர் வைக்கலாமா? பிளிட்ஸ்ஓர்ட்டுங்கின் பழைய ரிசீவரான சிஸ்டம் ரெட் கருவியில் பாகங்களை நாமே சால்டரிங் செய்ய வேண்டும். அதன் பின் வந்தது சிஸ்டம் ப்ளூ. கட்டுப்பாட்டுப் பலகை, ஆம்ப்ளிஃபையர், ஜிபிஎஸ், ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான தண்டு ஆன்டெனாக்கள்: அடிப்படை இவ்வளவுதான். தண்டு நீட்டியிருக்கும் திசையிலிருந்து வரும் அலை அதில் பதியாது. எனவே குறைந்தது இரண்டு தண்டுகளை ஒன்றுக்கொன்று 90 டிகிரி கோணத்தில், படுக்கையாக வைக்க வேண்டும். தண்டுகளுக்கு உறையாகப் பிவிசி குழாய் போதும், இரும்புப் பெட்டி ஆகாது. மொட்டை மாடியில் கம்பம் நட்டு உயர்த்தவும் தேவையில்லை. இந்த அலைவரிசையில் உயரத்தால் லாபமில்லை, மின்னலுக்கு வழி காட்டியதாகத்தான் முடியும்.

நிலையம் கெட்டுப்போவது பெரும்பாலும் இரைச்சலால். செல்போன் சார்ஜர், எல்ஈடி பல்பு, இன்வெர்ட்டர், சோலார் கருவி எல்லாமே இதே அலைவரிசையில் கத்துகின்றன. ஆன்டெனாவை இவற்றிலிருந்து சில மீட்டராவது தள்ளி வைத்து, உலோக உறையிட்ட (ஷீல்டட்) கேபிளால் இணைக்கவும். பிறகு ரிசீவரையும் ரௌட்டரையும் யுபிஎஸ்ஸில் ஓடவிட்டு, வீட்டின் எம்சிபிகளை (மெயின் போர்டிலுள்ள தனித்தனி சுவிட்சுகளை) ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே ரிசீவரின் சிக்னல் கோட்டைப் பாருங்கள். எதை அணைத்ததும் கோடு அடங்குகிறதோ அந்த இணைப்பில்தான் குற்றவாளி இருக்கிறது.

புதியவர்கள் செய்யும் தவறு கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, கூட்டுவது. இரைச்சலும் சேர்ந்து பெருகும். பொய் சிக்னல்கள் எல்லை மீறியதும் ரிசீவர் குறுக்கீட்டு நிலைக்குப் போய் அனுப்புவதையே நிறுத்திவிடும், அதுவும் மழை நேரத்தில். கெயினைக் குறைத்து, நாள் முழுக்கத் தடையின்றி ஓடும் நிலையமே வலையமைப்புக்குப் பயன். ஃபெரைட் தண்டு அலையின் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது; மின்புலத்தைப் பிடிக்கும் தனி ஆன்டெனாவை ஆரம்பத்தில் தொட வேண்டாம். நல்ல எர்த் இல்லாவிட்டால் வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் முனகல்தான் கேட்கும்.

குறைகளும் உண்டு. மின்னோட்டம் எத்தனை கிலோஆம்பியர், நேர்மின்னா எதிர்மின்னா என்பதை வரைபடம் சொல்லாது. மூலத் தரவு நிலையம் நடத்துவோருக்கு மட்டுமே. வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லை. மின்னல் சேதத்துக்கான இழப்பீட்டு மனுவோடு இந்தப் படத்தை இணைக்கலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.