பசங்க ரூமுக்கு கேன்வாஸ் வரையப் போறீங்களா: போர்டா ஃப்ரேமா, போஸ்டரா அக்ரிலிக்கா?

சென்னையில பாரிஸ் (பாரிமுனை) ஈவினிங் பஜார் பக்கம் போய் கேன்வாஸ் வேணும்னு கேட்டா முதல் கேள்வியே போர்டா ஃப்ரேம் போட்டதானு தான் வரும். போர்டு விலை கம்மி, அதனால கை தன்னால அந்தப் பக்கம் போகும். ஆனா இப்போ டைனோசர் டைனோசர்னு உயிரை விடற புள்ள அடுத்த வருஷம் அதைப் பார்த்தாலே மூஞ்சிய திருப்பிக்கும், அப்போ அதே கேன்வாஸை வெள்ளையடிச்சு வேற ஒண்ணு வரைய முடியுமான்னு பாருங்க, என்னைக் கேட்டா விலையெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

போர்டுன்னா வேற ஒண்ணும் இல்ல, அட்டை மேல கேன்வாஸ் துணி ஒட்டினது. 8க்கு 10 இன்ச் மாதிரி சின்ன சைஸ்னா பரவால்ல. பெரிசு வாங்கினா நம்ம ஊர் ஈரக்காத்துல வளையும், அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை சீசன்ல மூலை சுவத்தை விட்டு தூக்கிக்கிட்டு நிக்கும், பெசன்ட் நகர் திருவான்மியூர் மாதிரி கடல் கிட்ட வீடுன்னா கேக்கவே வேணாம். பின்பக்கமும் ஒரு கோட் பெயின்ட் அடிச்சு விட்டா கொஞ்சம் அடங்கும், அவ்ளோதான்.

மரச்சட்டத்துல துணியை இழுத்துக் கட்டின ஃப்ரேம் கேன்வாஸும் ஈரத்துக்கு தளரத்தான் செய்யும், ஆனா அதை சரி பண்ணிக்கலாம். பின்னாடி துணி மேல லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணி காய விட்டா ஓரளவு இறுகிடும். சிலதுல குட்டி மர ஆப்பு நாலஞ்சு ஒரு கவர்ல போட்டு பின்னாடி வச்சிருப்பாங்க, என்னமோ குப்பைன்னு தூக்கிப் போட்றாதீங்க, ஃப்ரேமோட உள்மூலைல இருக்கற இடுக்குல அதை சொருகி மெதுவா தட்டினா கட்டை கொஞ்சம் விரிஞ்சு துணி மத்தளம் மாதிரி விறைப்பாயிடும். கடையிலயே தரையில படுக்க வச்சு ஒரு மூலைய அமுக்கிப் பாருங்க, எதிர் மூலை தூக்குச்சுன்னா கட்டை முறுக்கிருக்கு, வேற எடுங்க. பெட்டுக்கு மேல மாட்ட 16க்கு 20 போதும், கண்ணாடி இல்லாததால வெயிட்டும் கிடையாது.

பெயின்ட்ல ஆயில் வேண்டாம். தொடற அளவுக்கு காயவே நாள் கணக்காகும், தின்னர் டர்பன்டைன் நாத்தம் புள்ள தூங்கற ரூம்ல எதுக்கு, அதோட பின்னாடி அது மேல அக்ரிலிக் அடிச்சா சரியா பிடிக்காம உரிஞ்சு வரும். போஸ்டர் கலர் ஸ்கூல் பேக்லயே கிடக்கும், கை துணி எல்லாம் சுலபமா கழுவலாம், ஆனா காய்ஞ்ச பிறகும் தண்ணி பட்டா கரையும், மேல இன்னொரு கோட் போட்டா அடியில இருக்கற சிவப்பு எழும்பி எல்லாம் கலங்கிடும். சார்ட் பேப்பர்ல ஒத்திகை பாக்க அது நல்லா இருக்கும், கேன்வாஸுக்கு வேணாம்.

அக்ரிலிக் தண்ணியில கரைச்சு அடிக்கலாம், காய்ஞ்சா பிளாஸ்டிக் படலமா ஆயிடும், டைனோசர் போரடிச்சா மேல ஜெஸ்ஸோ (கேன்வாஸுக்கு அடிக்கற வெள்ளை பிரைமர்) ரெண்டு கோட் அடிச்சா புது கேன்வாஸ். தொல்லை என்னன்னா மே மாசம் ஃபேன் போட்டு உக்காந்தா பிரஷ் தட்டுல இருந்து கேன்வாஸுக்கு போறதுக்குள்ள காய்ஞ்சிடுது. டிபன் பாக்ஸ் மூடியில ஈர டிஷ்யூ விரிச்சு அது மேல பட்டர் பேப்பர் வச்சு அதுல கலர் எடுங்க, ரொம்ப நேரம் தாங்கும். யூனிஃபார்ம்ல பட்டு காய்ஞ்சா போகவே போகாது, பழைய டீஷர்ட் மாட்டி விடுங்க.

பேக்ரவுண்டுக்கு சுவத்துக்கு அடிச்ச எமல்ஷன் மிச்சம் இருந்தா தாராளமா யூஸ் பண்ணலாம், டியூப் கணக்கா அக்ரிலிக் மிச்சமாகும். கேட்டுக்கு அடிச்ச பழைய எனாமல் டப்பாவை மட்டும் தொடாதீங்க. வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல கூடாதுங்கற ரூல் 2017 நவம்பர்ல தான் அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முந்தின டப்பாவுல எவ்ளோ இருக்குன்னு யாருக்குத் தெரியும்.

இவ்ளோ வேலை எதுக்கு, ஆன்லைன்ல பிரிண்ட் கேன்வாஸே வாங்கலாமேன்னா வாங்கலாம். ஆனா முதல்ல ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு, 1966ல கே.சி.எஸ். பணிக்கர் ஆரம்பிச்சது, ஒரு ஞாயித்துக்கிழமை புள்ளய கூட்டிட்டுப் போய் கேன்வாஸை பக்கவாட்டுல இருந்து பாக்க சொல்லுங்க, பெயின்ட் மேடு பள்ளமா நிக்கறது தெரியும், அதுக்கப்புறம் பிரிண்ட் சப்புன்னு இருக்கும்.

மாட்டறதுல வாடகை வீட்டுக்காரங்க டபுள் டேப் ஒட்டுவாங்க. எமல்ஷன் சுவர்னா ஓரளவு நிக்கும், டிஸ்டெம்பர் சுவத்துல சுண்ணாம்போட பேத்துக்கிட்டு விழும், அதுவும் தலைமாட்டுல. ஆணி அடிக்க ஓனர் விடலன்னா ஏற்கனவே காலண்டர் மாட்டின ஆணி எங்க இருக்குன்னு பார்த்து அதுக்கு ஏத்த சைஸ்ல கேன்வாஸ் வாங்குங்க.