கூர்க் டைம்ஷேர் ரிசார்ட்: உள்ளயே பஃபேயா, மடிக்கேரி டவுன் ஓட்டலா?

டைம்ஷேர் மெம்பர்ஷிப்ல (வருஷத்துல சில நாள் ரிசார்ட்ல தங்கற உரிமைய முன்கூட்டியே காசு கட்டி வாங்கறது) பொதுவா ரூம் மட்டும்தான் வரும், சாப்பாட்டுக்கு தனியா காசு கட்டணும், இது முதல் தடவ போற நெறைய பேருக்கு தெரியறதில்ல, அதனால கெளம்பும்போதே முடிவு பண்ணிடுங்க.

ரிசார்ட் பஃபேல எனக்கு புடிச்சது காலை டிபன் மட்டும்தான். கொழந்தைங்க, வயசானவங்க கூட இருந்தா மழைல அந்த வளைவு ரோட்டுல கார் எடுத்துட்டு அலைய வேணாம். ஆனா மூணு வேளைக்கும் மீல் பிளான் போட்டுடாதீங்க, மத்தியானம் நீங்க தலைக்காவேரி, துபாரேன்னு எங்கயாவது சுத்திப் பாத்துட்டு இருப்பீங்க, அந்த வேளை காசு வீண்தான்.

டவுன்ல கெடைக்கற கொடவா சமையலே, அதாவது கூர்க் மக்களோட சமையலே, வேற. பந்தி கறி பாத்தீங்கன்னா, பன்னிக்கறிய வறுத்த மசாலாவோட நல்லா வேகவச்சு, பழச்சாற காய்ச்சி எடுக்கற, கருப்பா கெட்டியா இருக்கற கச்சம்புளிய கடைசில சேப்பாங்க, அந்த புளிப்பும் மிளகு காரமும் கொழுப்போட சேந்து நாக்குல நிக்கும், கூட அரிசி ரவைல உருண்ட புடிச்சு ஆவில வேகவச்ச கடம்புட்டு, ரெண்டும் சூடா வரணும், ஆறிப்போனா ருசி பாதிதான். பன்னி சாப்பிடாதவங்க இடியாப்பம் மாதிரி இருக்கற நூல்புட்டும் கோழிக்கறியும் கேளுங்க. மழைக்காலம்னா மூங்கில் குருத்து கறி இருக்கான்னு கண்டிப்பா விசாரிங்க. சுத்த சைவம்னா பிரச்சனையே இல்ல, டவுன்ல சைவ ஓட்டல் இருக்கு.

என் ஓட்டு காலைல பஃபே, மத்தியானம் ஊர் சுத்தற வழில டவுன். ராத்திரிக்கு ரிசார்ட்லயே ரெண்டு அயிட்டம் மட்டும் ஆர்டர் பண்ணி பகிர்ந்துக்கங்க.