மாடிஃபை செய்த ஈவோவை விற்றுக் கொடுத்த காக்கி புக்கிட் கடை: என் அனுபவம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மாடிஃபை செய்த காரை விற்க வேண்டும், அதை அடிமாட்டு விலைக்குக் கொடுக்க மனமில்லை என்றால், சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் நான் போன கன்சைன்மென்ட் கடை (காரைத் தான் வாங்காமல் உரிமையாளருக்காக விற்றுக் கொடுக்கும் கடை) மாதிரி ஓர் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். ஆறேழு கார் நிறுத்தத்தான் அங்கே இடம், இருக்கிற வேலையே அவர்களுக்குத் தாங்கவில்லை. அதனால் பெயரை விட்டுவிட்டு அவர்கள் வேலை செய்த விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

கார் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் டென், சுருக்கமாக ஈவோ, 2008 பதிவு, ஐந்து கியர் மேனுவல். 1,998 சிசி 4பி11 டர்போ இன்ஜின், உள்ளே ஃபோர்ஜ்டு பிஸ்டன், பெரிய டர்போ, பெரிய இன்டர்கூலர், ஓலின்ஸ் சஸ்பென்ஷன், முன்னால் ஏபி ரேசிங் பிரேக், டிஇ37 ரிம், பிரைட் பக்கெட் சீட். டர்போவுக்கும் எக்ஸாஸ்டுக்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் கடிதம் உண்டு. அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டிய நிலை வந்தது, அந்தக் காரில் அவரால் ஏறி இறங்க முடியவில்லை. விற்க அது ஒன்றுதான் காரணம்.

முதலில் வழக்கமான வழியில்தான் போனேன். படத்தை அனுப்பினால் வியாபாரிகள் விலை கேட்பார்களே, அது. ஒரு நிறுவனம் 28,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று சொல்லி வரச் சொன்னது. நேரில் போனதும் அங்கிருந்தவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஸ்டாக்குக்கு, அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு, திருப்ப செலவாகும் என்று ஏழாயிரத்தைக் கழித்துவிட்டார். ஒப்புதல் கடிதத்தை நீட்டினேன், வாங்கிப் படிக்கக்கூட இல்லை. பல வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த காரை ஒருவர் சுமை என்று கணக்குப் போடுவது வலித்தது.

அவர்கள் கணக்கும் எனக்குப் புரியாமல் இல்லை. வியாபாரி முதலில் பார்ப்பது பேப்பர் வேல்யூ, அதாவது இன்றைக்குப் பதிவை ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் தொகை. பத்து வருடம் தாண்டி சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த காருக்கு பார்ஃப் (பத்து வருடத்துக்குள் பதிவை ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் பதிவு வரியின் ஒரு பகுதி) கிடையாது. சிஓஇயில் மிச்சமுள்ள காலத்துக்குத்தான் பணம் திரும்பும், அதுவும் புதுப்பித்த அன்று கட்டிய தொகையின் விகிதத்தில். நான் 2018-இல் பத்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். பி பிரிவு (பெரிய இன்ஜின் கார்களுக்கான) சிஓஇ 2023 அக்டோபரில் 150,001 வெள்ளி வரை ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும், 2018-இல் விலை அதற்குப் பக்கத்திலேயே இல்லை. ஆக என் காரின் பேப்பர் வேல்யூ பத்தாயிரத்தைச் சுற்றித்தான். ஆனால் அப்போது மிச்சமிருந்த இதே மூன்று வருட ஓட்டத்தை அன்றைய சிஓஇ விலையில் ஒருவர் வாங்கப் போனால் எவ்வளவு ஆகும்? காரின் உண்மையான மதிப்பு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது, விரைவாக வாங்கி விரைவாகத் தள்ள நினைப்பவர் அதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

காக்கி புக்கிட் கடையில் கேட்ட முதல் கேள்வியே வேறு. "அண்ணே, ஸ்டாக் பார்ட்ஸ் எல்லாம் வீட்டில் இருக்கா?" இருந்தது, பெட்டியோடு. அதைக் கேட்டதும் அந்தத் தம்பி முகம் மலர்ந்துவிட்டது. காரைச் சுற்றி வந்து எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். ரிம், சீட், ஏபி பிரேக் மூன்றையும் கழற்றித் தனியாக விற்கலாம், அவற்றைத் தேடி வாங்க ஆள் இருக்கிறது, காரோடு சேர்த்தால் வாங்குபவர் அதற்கென்று காசு தர மாட்டார். தொழிற்சாலையிலிருந்து வந்த பிரெம்போ பிரேக்கும் ரெக்காரோ சீட்டுமே நல்ல சாமான்கள், அவை திரும்பப் போகட்டும். டர்போவையும் எக்ஸாஸ்டையும் தொட வேண்டாம், ஒப்புதல் அந்தக் காருக்குக் கொடுத்தது, கழற்றினால் கடிதத்துக்கு மதிப்பில்லை. சஸ்பென்ஷன் இருக்கட்டும், ஈவோ வாங்க வருகிறவர் ஓட்டிப் பார்த்ததும் மயங்குவது அதில்தான் என்றார். இந்த அறிவுக்கே நான் காசு கொடுப்பேன்.

அப்புறம் காகிதம். ஒப்புதல் கடிதங்கள், ஒர்க்‌ஷாப் ரசீதுகள், டைனோ (இன்ஜின் சக்தியை அளக்கும் கருவி) அச்சு, வருடாந்திரப் பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் அடுக்கினார்கள். பத்து வருடம் தாண்டிய கார் வருடா வருடம் பரிசோதனைக்குப் போக வேண்டும், அங்கே புகையும் சத்தமும் பார்ப்பார்கள். இந்தக் கார் அதே டர்போவோடு தேறி வந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கூடவே நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் (உள்ளே அழுத்தம் சரியாக நிற்கிறதா என்ற சோதனை) எடுத்து எண்களை அப்படியே விளம்பரத்தில் போட்டார்கள். டியூன் செய்த டர்போ இன்ஜின் என்றாலே அடித்து ஓட்டியிருப்பார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது, நியாயமான பயம்தான், அதைப் பேச்சால் போக்க முடியாது. விளம்பரத்தில் இன்னொரு வரியும் சேர்த்தார்: பத்து வருடப் புதுப்பிப்பு என்பதால் 2028-இல் மறுபடி புதுப்பிக்கலாம். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும், ஈவோவை நீண்ட நாள் வைத்திருக்க நினைப்பவருக்கு அது பெரிய விஷயம்.

ஓட்டிப் பார்க்க விடும் விஷயத்தில் கண்டிப்பு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும். கடன் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கி வர வேண்டும், ஏனென்றால் திறந்த சந்தை மதிப்பு (இறக்குமதியின்போது சுங்கத் துறை கணிக்கும் விலை) 20,000 வெள்ளிக்கு மேல் உள்ள காருக்கு விலையில் 60 விழுக்காடுதான் கடன், மிச்சம் ரொக்கமாகக் கையில் இருக்க வேண்டும். முதல் சுற்று கடைக்காரர் ஓட்டுவார், வாங்குபவர் பக்கத்தில் உட்காருவார். யார் வந்தாலும் இன்ஜின் குளிர்ந்த நிலையில் இருக்கும்போதுதான் முதல் ஸ்டார்ட். மைலேஜை ஒவ்வொரு முறையும் தாளில் குறித்து எனக்குப் படம் அனுப்பினார்கள்.

வாங்கியது யீஷூனிலிருந்து வந்த ஒரு இளைஞர், கூடவே அப்பா. மகனுக்குக் கண்ணெல்லாம் கார் மேல், அப்பா என்னிடம் வந்து, "தம்பி, இது சட்டப்படி ஓடுமா? நாளைக்கு இவனை யாரும் நிறுத்த மாட்டாங்களே?" என்றார். கோப்பைத் திறந்து காட்டினேன். "பாருங்க அங்கிள், ஒவ்வொண்ணுக்கும் கடிதம் இருக்கு." நிதானமாக எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டு மகனைப் பார்த்துத் தலையசைத்தார். வாங்குவதற்கு முன் வெளியில் ஒரு நிலையத்தில் பரிசோதிக்க வேண்டும் என்றும் கேட்டார், கடை உடனே சரி என்றது. தனியாள் தனியாளுக்கு விற்கும் காருக்கு லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை விற்ற கடையிடம் நிவாரணம் கேட்க உதவும் சட்டம்) துணை வராது என்பதால் அவர் அப்படிக் கேட்டது முற்றிலும் சரி.

கார் 46,000 வெள்ளிக்குப் போனது. பாகங்கள் தனியாக 8,000-ஐ ஒட்டி வந்தன. கடைக்கு விற்ற பிறகுதான் கட்டணம், காருக்கு 1,500, பாகங்களில் பத்து விழுக்காடு. பெயர் மாற்றம் சிங்பாஸில் (அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளச் செயலி) நானும் அவரும் ஒப்புக்கொண்டதும் முடிந்தது, பணம் என் கணக்குக்கு வந்த பிறகே சாவியைக் கொடுக்கச் சொன்னார்கள்.

குறை இல்லாமல் இல்லை. நிறுத்துமிடத்துக்குக் கூரை கிடையாது, வெயிலும் மழையும் நேராகக் கார் மேல்தான், பெயின்ட் மேல் அக்கறை உள்ளவர்கள் சொந்தமாக உறை கொண்டு போங்கள். வார நாட்களில் செய்தி அனுப்பினால் பதில் மாலையில்தான். முதலில் போட்ட படங்கள் மங்கல், நான் கேட்ட பிறகு திரும்ப எடுத்தார்கள். அவசரமாகப் பணம் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது, இத்தகைய காருக்குச் சரியான ஆள் வர மாதக் கணக்காகும். இன்னொன்று, ஒப்புதல் தேவைப்படும் மாற்றத்துக்குக் கடிதம் இல்லையென்றால் அவர்கள் காரை உள்ளேயே விட மாட்டார்கள், ஸ்டாக்குக்குத் திருப்பிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். நான் அங்கே இருந்தபோதே ஒரு சுபாரு எஸ்டிஐ காரை அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள்.