சோப் ஹெடர் பிழையைச் சரிசெய்து தருகிறோம் என்பவர்களிடம் உஷார்

3,800 வெள்ளிக்கு எங்களுக்கு விற்கப்பட்டது நான்கு வரி ஜாவா நிரல். பிழையைச் சரிசெய்யும் நிரல் என்றார்கள். அது செய்ததெல்லாம் பிழைச் செய்தியின் வாயைப் பொத்தியதுதான்.

பின்னணி சுருக்கமாக. எங்களுடையது சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு சிறிய சரக்கு அனுப்பும் நிறுவனம். சோப் என்பது எக்ஸ்எம்எல் செய்திகளால் நிரல்கள் பேசிக்கொள்ளும் முறை; செய்தியின் மேல்பகுதி ஹெடர், உள்ளடக்கம் பாடி. வெளிநாட்டுக் கூட்டாளி ஒருவரின் பழைய சோப் சேவையோடு பேச ஜாவா 8-ல் எழுதிய கிளையண்ட் நிரல் எங்களிடம் இருந்தது. கூட்டாளி தம் பக்கம் சோப் செய்திகளுக்கான பாதுகாப்புத் தரமான டபிள்யூஎஸ்-செக்யூரிட்டியைக் கட்டாயமாக்கி, பதில்களில் டிஜிட்டல் கையொப்பம் வைக்கத் தொடங்கியதும் கிளையண்ட் படுத்துவிட்டது. வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் இரண்டே நாளில் "ஓகே, எல்லாம் ஓடுகிறது" என்றார். விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் வேண்டாம். ஆறு வாரம் கழித்து சர்வரைக் கிளவுடுக்கு மாற்றியபோது மறுபடி படுத்தது. அப்போதுதான் நிரலைத் திறந்து பார்த்தோம். இதே வேலையைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் தங்கள் நிரலிலும் கீழே வரும் கோளாறுகளைத் தேடிப் பாருங்கள்.

முதல் கோளாறுதான் பெரியது. வந்த பிழை, "மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட் ஹெடர்கள் புரியவில்லை" என்ற வகை, சதுர அடைப்புக்குள் செக்யூரிட்டி என்ற பெயரோடு. பலர் இதைச் சர்வர் அனுப்பிய பிழை என்று நினைத்துக் கூட்டாளியிடம் சண்டைக்குப் போகிறார்கள். போய் வரும் செய்திகளை அப்படியே பதிவுசெய்யும் எச்டிடிபி டம்ப்பைப் போட்டுப் பார்த்தால் 200 என்ற நிலையோடு முழுப் பதிலும் வந்து சேர்ந்திருக்கும். பிழையை எழுப்புவது நம் பக்கத்து ஜாவா சோப் நூலகமான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ். காரணம் எளிது. ஒரு ஹெடரில் மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட் மதிப்பு 1 என்றிருந்தால், அதைப் புரிந்துகொண்டு செயல்படத் தெரியாத பெறுநர் செய்தியையே நிராகரிக்க வேண்டும் என்பது சோப் விதி. கையொப்பத்தைச் சரிபார்க்க ஆள் இல்லாததால் கிளையண்ட் சரியாகவே மறுத்தது.

ஒப்பந்தக்காரர் செய்தது இது: வரும் செய்தியை இடையில் பிடித்துப் பார்க்கும் ஒரு சோப்ஹேண்ட்லர் வகுப்பு எழுதி, அதன் கெட்ஹெடர்ஸ் முறையில் செக்யூரிட்டி ஹெடரின் பெயரைத் திருப்பி அனுப்பினார். அதாவது "இந்த ஹெடர் எனக்குப் புரியும்" என்று ஒரு வாக்குறுதி. ஹேண்டில்மெசேஜ் முறையிலோ ஒரே வரி, ரிட்டர்ன் ட்ரூ. புரியும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டதற்குச் சமம். பிழை மறைந்தது, கையொப்பச் சோதனை நடக்கவே இல்லை. வழியில் யாராவது பதிலில் சரக்கு எடையையோ தொகையையோ மாற்றியிருந்தாலும் கிளையண்ட் வாங்கிக்கொண்டிருக்கும். நிரலில் கெட்ஹெடர்ஸ் என்று தேடுங்கள். அது பெயரைத் திருப்பித் தந்தும் பக்கத்தில் சரிபார்க்கும் நிரல் எதுவும் இல்லாவிட்டால், உங்களுக்கும் இதே சரக்குதான் விற்கப்பட்டிருக்கிறது.

சரியான வழி, கையொப்பத்தை உண்மையில் சரிபார்க்கும் ஒரு நூலகத்தைச் சேர்ப்பது. அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் நூலகத்தை எடுத்தால், வரும் செய்தியின் பாதுகாப்பைச் சோதிக்கும் டபிள்யூஎஸ்எஸ்ஃபோர்ஜே இன்-இன்டர்செப்டரைச் சேர்த்து, செயல் என்ற இடத்தில் சிக்னேச்சர், டைம்ஸ்டாம்ப் இரண்டையும் கொடுத்து, கூட்டாளியின் சான்றிதழ் உள்ள டிரஸ்ட்ஸ்டோர் கோப்புக்கு வழி காட்ட வேண்டும். செக்யூரிட்டி ஹெடர் புரிந்தது என்று அந்த இன்டர்செப்டரே பதிவு செய்துகொள்ளும், தனி ஹேண்ட்லர் தேவையில்லை. கையொப்பம் செல்லுமா என்பதோடு அது எந்தப் பகுதியை மூடுகிறது என்பதும் முக்கியம். டைம்ஸ்டாம்பை மட்டும் கையொப்பமிட்டு பாடியை விட்டுவிட்ட செய்தியும் "செல்லும்" என்றே வரும். கிரிப்டோ கவரேஜ் செக்கர் என்ற கூடுதல் இன்டர்செப்டர் அதற்குத்தான்.

வேலை உண்மையிலேயே நடந்ததா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். கூட்டாளியின் ஒரு பதிலை அப்படியே கோப்பில் சேமித்து, சோப்யூஐ என்ற சோதனைக் கருவியின் மாக் சர்வீஸ் (போலிச் சேவை) மூலம் கிளையண்டுக்குத் திருப்பிக் கொடுங்கள். முதலில் மாற்றாமல் கொடுத்தால் ஏற்க வேண்டும். பிறகு பாடியில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றிக் கொடுத்தால் மறுக்க வேண்டும். இதில் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். ஒன்று, எக்ஸ்எம்எல்லை அழகாக அடுக்கிக் காட்டும் திரையிலிருந்து நகலெடுத்தால் இடைவெளிகள் மாறிக் கையொப்பம் தானாகவே உடைந்துவிடும். மூல வடிவத்தைக் காட்டும் ரா திரையிலிருந்து மட்டும் எடுங்கள். இரண்டு, சேமித்த பதிலின் டைம்ஸ்டாம்ப் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். "காலாவதி" என்ற மறுப்பைப் பார்த்துக் கையொப்பச் சோதனை வேலை செய்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. சோதனைச் சூழலில் மட்டும் நேர வரம்பைத் தளர்த்திவிட்டு, மறுப்புக்குக் காரணம் கையொப்பம்தானா என்று செய்தியைப் படித்து உறுதிசெய்யுங்கள்.

அடுத்தது எட்டு மணி நேரக் கூத்து. சிங்கப்பூரில் எழுதப்படும் சோப் கிளையண்டுகளில் இது அடிக்கடி வரும். எங்கள் பழைய நிரல் சிம்பிள்டேட்ஃபார்மட் கொண்டு கிரியேட்டட் நேரத்தை, அதாவது செய்தி உருவான நேரத்தை எழுதியது. வடிவத்தின் கடைசியில், உலகப் பொது நேரத்தைக் குறிக்கும் இஸட் எழுத்தை ஒற்றை மேற்கோளுக்குள் போட்டிருந்தார்கள். மேற்கோளுக்குள் வந்தால் அது வெறும் எழுத்து, நேர மண்டலத்தை மாற்றாது. ஆக, நம் ஊர் மாலை 3 மணி, உலகப் பொது நேரம் 3 மணி என்று போனது. சர்வருக்கு அது எட்டு மணி நேரம் எதிர்காலத்திலிருந்து வந்த செய்தி. டபிள்யூஎஸ்எஸ்ஃபோர்ஜேயின் இயல்பு அமைப்பில் எதிர்கால நேரத்துக்கு 60 விநாடி, பழைய நேரத்துக்கு 300 விநாடிதான் சலுகை.

இதற்கு ஒப்பந்தக்காரர் போட்ட மருந்து, நேரத்திலிருந்து எட்டைக் கழிப்பது. அலுவலகக் கணினியில் ஓடியது, ஏனென்றால் அது சிங்கப்பூர் நேரத்தில் இருந்தது. கிளவுடில் நிரலை ஓட்டும் கன்டெய்னர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, அங்கேயும் எட்டு கழிந்தது. எல்லாச் செய்தியும் எட்டு மணி நேரப் பழையதாகிக் காலாவதி என்று திரும்பின. இதைச் சரிசெய்ய "டைம் சிங்க்" என்ற பெயரில் இன்னொரு 900 வெள்ளி கேட்டார். அதோடு, கூட்டாளியிடம் நேர வரம்பை ஒன்பது மணி நேரமாக்கச் சொல்லுங்கள் என்ற அறிவுரையும். வரம்பை அப்படி விரித்தால், பிடித்து வைத்த ஒரு செய்தியை ஒன்பது மணி நேரம் வரை திரும்ப அனுப்பி விளையாடலாம். தேவைப்பட்டது ஒரே வரி: உலகப் பொது நேரத்தையே தரும் இன்ஸ்டன்ட் டாட் நவ், மில்லிவிநாடிக்குத் தறித்து. தறிக்காவிட்டால் ஜாவா 9 முதலான பதிப்புகள் மைக்ரோவிநாடியோ அதைவிட நுணுக்கமாகவோ எழுதக்கூடும். அதை விழுங்க மறுக்கும் பழைய சர்வர்கள் உண்டு. சர்வர் கடிகாரம், நேரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி சேவையோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

கடவுச்சொல் விஷயத்துக்கு வருவோம். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சுமக்கும் யூசர்நேம்டோக்கனில், கடவுச்சொல்லுக்குப் பதில் அதிலிருந்து கணக்கிட்ட ஹாஷை அனுப்பும் டைஜெஸ்ட் முறை பொருந்தவில்லை என்று, கடவுச்சொல்லை அப்படியே அனுப்பும் டெக்ஸ்ட் முறைக்கு மாற்றிவிட்டார். கேட்காமல். பொருந்தாததற்குக் காரணம் ஒரு பழைய தவறு. நான்ஸ் (ஒருமுறை மட்டும் பயன்படும் தற்செயல் மதிப்பு), கிரியேட்டட், கடவுச்சொல் மூன்றையும் இந்த வரிசையில் ஒட்டி எஸ்எச்ஏ-1 போட்டு, பேஸ்64 ஆக்க வேண்டும். இதில் நான்ஸ் என்பது மூல 16 பைட். ஹெடரில் தெரியும் 24 எழுத்து பேஸ்64 வடிவத்தை ஒட்டினால் ஒருபோதும் பொருந்தாது. கிரியேட்டட் என்பது ஹெடரில் போகும் அதே சரம், எழுத்துக்கு எழுத்து. இரண்டு முறை கடிகாரத்தைக் கேட்டால் மில்லிவிநாடி மாறிப்போகும்.

டெக்ஸ்ட் முறை, இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ்ஸுக்குள் போனால் பரவாயில்லை என்பார்கள். அந்த டிஎல்எஸ்ஸையும் விட்டுவைக்கவில்லை. எந்தச் சான்றிதழையும் ஏற்கும் டிரஸ்ட்மேனேஜர், எந்தப் பெயருக்கும் ஆம் சொல்லும் ஹோஸ்ட்நேம்வெரிஃபையர். நடுவில் உட்கார்ந்த எவரும் கடவுச்சொல்லை வாசிக்கலாம்.

பிழையைப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாத வெறும் கேட்ச் தொகுதிகளையும் தேடுங்கள். செய்தியில் ஹெடரே இல்லாவிட்டால், ஜாவாவின் சோப் செய்தி நூலகமான சாஜில் என்வலப்பின் (முழுச் செய்தியின் உறை) கெட்ஹெடர் வெற்று மதிப்பைத் திருப்பும். அப்போது அதே என்வலப்பில் ஆட்ஹெடர் அழைத்து உருவாக்க வேண்டும், ஏற்கனவே இருந்தால் அழைக்கக் கூடாது, அதுவும் பிழை. இரண்டே வரியில் சோதிக்க வேண்டியதை விட்டுவிட்டு, எந்தப் பிழை வந்தாலும் விழுங்கி ட்ரூ திருப்பும் கேட்ச் போட்டிருந்தார். விளைவு, டோக்கன் இல்லாத கோரிக்கைகள் சத்தமில்லாமல் போய், மறுமுனையில் "அனுமதி இல்லை" என்று திரும்பின.

செய்தியின் வகையை ஏற்க முடியாது என்று சர்வர் சொல்லும் 415 பிழைக்கு ஃபயர்வால்தான் காரணம் என்று ஒரு வாரம் இழுத்தடித்ததும் உண்டு. 415 வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கன்டென்ட்-டைப். சோப் 1.1 என்றால் டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல், கூடவே சோப்ஆக்‌ஷன் என்ற எச்டிடிபி ஹெடர். சோப் 1.2 என்றால் அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல், ஆக்‌ஷன் அதற்குள்ளேயே. சேவையை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பில் இரண்டு பதிப்புக்கும் போர்ட் இருக்கலாம். தவறான போர்ட்டை எடுத்திருப்பார்கள். ஃபயர்வால் குழுவுக்கு டிக்கெட் போடும் முன் இதைப் பாருங்கள்.

டம்ப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜாவாவின் உருவாக்கத் தொகுப்பான ஜேடிகேவுக்குள் வந்த ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸுக்கும் தனி ஜார் கோப்பாகச் சேர்த்ததற்கும் டம்ப்பை இயக்கும் அமைப்பின் பெயர் வேறு, முன்னதில் நடுவே "இன்டர்னல்" வரும். (ஜாவா 11-லிருந்து ஜேடிகேவில் அது கிடையாது.) தவறான பெயரைப் போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்பார்கள். எங்களுக்கு நடந்தது தலைகீழ்: உற்பத்திச் சர்வரில் அதை அணைக்காமலே விட்டுப் போனார். கடவுச்சொல், அனுப்புநர் பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் ஆறு வாரம் லாக் கோப்பில் கொட்டிக் கிடந்தன. டம்ப்பில் மறைக்கும் வசதி இல்லை. சிஎக்ஸ்எஃப்பின் புதிய பதிப்புகளில் மறைக்க வேண்டிய உறுப்புகளைப் பெயர் சொல்லிக் கொடுக்கலாம். லாக் வெளியே கசிந்திருந்தால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி பொறுப்பு நிறுவனத்துடையது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் சம்பந்தப்பட்ட கசிவு என்று கண்டறிந்தால் 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மேல் பழியைப் போட்டுத் தப்ப முடியாது.

பணத்தைப் பற்றி. பில்லில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி போட்டிருந்தார், பதிவு எண் இல்லை. பதிவு செய்யாதவர் அந்த வரியை வாங்கவே கூடாது. உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் நாங்கள் பார்த்திருக்க வேண்டும். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம்: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள். வழக்கறிஞர் வைக்க முடியாது, அதனால் ஆதாரம் சாதாரண ஆளுக்கும் புரிய வேண்டும். அவர் கொடுத்த நிரலைத் தொடாமல் நிரல் களஞ்சியத்தில் தனிக் கிளையில் வைத்து, மாற்றிய பதிலைக் கிளையண்ட் ஏற்பதைத் திரைப்பதிவு செய்து வைத்திருக்கிறோம். அந்த ஒரு நிமிடப் பதிவு பத்துப் பக்க அறிக்கையைவிடத் தெளிவாகப் பேசும்.

இனி யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்தால் வேலை உத்தரவிலேயே எழுதுங்கள்: மாற்றிய பதிலை மறுக்கும் சோதனை நிரலில் இருக்க வேண்டும், சர்வர் நேர மண்டலத்தை மாற்றி ஓட்டினாலும் அது தேற வேண்டும், கடைசிப் பாதித் தொகை அதற்குப் பிறகுதான். அனுப்பியதும் வந்ததும் மூல வடிவில் கையில் தர வேண்டும், கடவுச்சொல்லை மறைத்து.

ஆள் போன அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். எங்களுடையது நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டு ஒப்பந்தக்காரருடைய சொந்த கிட் (நிரல் சேமிப்பு) கணக்கில் இருந்தது. மாற்றிய பின் பழைய கடவுச்சொல்லை வைத்து ஒருமுறை சேவையை அழைத்துப் பாருங்கள், மறுக்க வேண்டும். எங்களுக்கு முதல் தடவை மறுக்கவில்லை: கூட்டாளி சோதனைச் சூழலில் மட்டும் மாற்றிவிட்டு, உற்பத்தியில் பழையதை அப்படியே விட்டிருந்தார்.