பிபிகோடு லிங்க்கை ஹெச்டிஎம்எல் ஆக்க ரெஜெக்ஸ்: சில வருட அனுபவம்

ராயப்பேட்டையில் ஒரு சிறு பதிப்பகத்தின் பழைய கட்டுரைகளை இணையத்துக்கு மாற்றிக் கொடுக்கிறேன். எல்லாம் பிபிகோடில், அதாவது இணைய மன்றங்களில் சதுர அடைப்பு டேக்குகளால் வடிவம் சொல்லும் முறையில், இருக்கின்றன. லிங்க் இப்படி வரும்: சதுர அடைப்புக்குள் யூஆர்எல், சமக்குறி, முகவரி, பிறகு லிங்க்கின் சொற்கள், கடைசியில் மூடும் டேக். 1998 வாக்கில் புழக்கத்துக்கு வந்த முறை. இதை மாற்றச் சில வருடங்களாகப் பைத்தான் நிரல்மொழியின் ரெஜெக்ஸைத்தான் (ஒரு பேட்டர்னை எழுதி, அதற்குப் பொருந்தும் எழுத்துகளைத் தேடி மாற்றும் வழி) பயன்படுத்துகிறேன். பேட்டர்னைக் கறாராக எழுதினால், லிங்க்குக்கு இதைவிடத் தோதான கருவி கிடையாது.

கறார் ஏன் வேண்டும்? பலரும் முகவரிக்கும் சொற்களுக்கும் (.*), அதாவது ‘எது வந்தாலும், முடிந்தவரை நீளமாக’, என்றே போடுவார்கள். ஒரே வரியில் இரண்டு லிங்க் வந்தால் முதல் லிங்க், நடுவிலுள்ள வாக்கியம் எல்லாம் முகவரிக்குள் போய்விடும். திரையில் இரண்டாவது லிங்க்கின் சொற்கள் மட்டுமே மிஞ்சும். பிழை எதுவும் காட்டாது, அதுதான் ஆபத்து. கேள்விக்குறி சேர்த்து (.*?), அதாவது ‘முடிந்தவரை குறைவாக’, என்றால் இது சரியாகும். ஆனால் எங்காவது ஒரு மூடும் டேக் விட்டுப்போயிருந்தால் அடுத்த லிங்க்கையும் சேர்த்து விழுங்கும். முகவரிக்கு நான் எழுதுவது ([^\]]+), சொற்களுக்கு ([^\[]+). முகவரியில் மூடும் அடைப்பையும் சொற்களில் திறக்கும் அடைப்பையும் தாண்டாதே என்று சொல்லிவிட்டால் அது தாண்டாது.

“தம்பி, ஓர் எழுத்துகூட மாறக் கூடாது” என்பார் அங்கே மெய்ப்பு பார்க்கும் அக்கா. அவர் கவலை நியாயமானது. தமிழில் வேற்றுமை உருபை டேக் இல்லாத வெறும் முகவரியோடு ஒட்டியே எழுதுகிறோம்: டாட் காமுக்குப் பின்னாலேயே ‘இல்’. அத்தகைய முகவரியைப் பிடிக்கப் போடும் பைத்தானின் எழுத்து வகை (\w) இ, ல இரண்டையும் முகவரியில் சேர்த்துக்கொள்ளும். ‘ல்’ மேலுள்ள புள்ளியை எழுத்தாக ஏற்காது. லிங்க் ‘இல’ வரை நீண்டு உடைந்துபோகும், புள்ளி தனியே வெளியே தொங்கும். ஆங்கில எழுத்து வகையோடு நிறுத்தச் சொல்லும் ஆஸ்கி கொடியைப் (re.ASCII) போட்டால் முகவரி காமோடு நின்று, ‘இல்’ முழுசாக வெளியே இருக்கும். தமிழ்க் கோப்பில் கை வைப்பவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் தவிர வேறு எதில் தொடங்கும் முகவரியையும் லிங்க் ஆக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்று தொடங்கினால், க்ளிக் செய்பவரின் பிரவுசரில் அது ஓடும். மேற்கோள் குறிகளையும் மாற்றத்துக்கு முன்பே எஸ்கேப் செய்துவிடுங்கள், அதாவது " போன்ற ஹெச்டிஎம்எல் குறியீடாக மாற்றிவிடுங்கள்.

மேற்கோளுக்குள் மேற்கோள், பட்டியலுக்குள் பட்டியல் என்று வரும் கட்டுரைகளுக்கு ரெஜெக்ஸ் ஆகாது. எது எதற்கு மூடும் டேக் என்று அதனால் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அவற்றுக்கு டேக்குகளை ஒவ்வொன்றாகப் படித்துக் கணக்கு வைக்கும் ஒரு சின்ன பார்சர் எழுதி வைத்திருக்கிறேன்.