டெஸ்ட் லைட்டா, மல்டிமீட்டரா? லாரி செல்ஃப் எடுக்காதபோது எது உதவும்

மாதவரத்தில் லோடு ஏற்றிவிட்டு சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்த நிலைமைக்கு வண்டியில் எதை வைத்துக்கொள்வது என்று டிரைவர் தம்பிகள் அடிக்கடி கேட்கிறார்கள்.

விலை: இரண்டுமே ரிச்சி தெருவில் கிடைக்கும். டெஸ்ட் லைட் மலிவு, 24 வோல்ட் பல்பும் இரண்டு வயரும் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம்.

உழைப்பு: லைட் கீழே விழுந்தால் பல்பு மாற்றினால் போதும். மீட்டரில் மழைத்தண்ணீர் இறங்கினால் போச்சு.

கோளாறு பிடிப்பது: இங்கேதான் விஷயம். சாவியிலிருந்து சொலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் சுவிட்ச்) போகும் வயரைக் கழற்றி அதன் முனையில் பார்த்தால், உள்ளே அரித்திருந்தாலும் மீட்டர் 24 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது கரண்டே கிட்டத்தட்ட இழுப்பதில்லை. பல்பு இழுக்கும், அதனால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும் தடிமனான கேபிளில் பல்பால் ஒன்றும் தெரியாது. அங்கே மீட்டர்தான்: ஒருவர் சாவியைத் திருப்ப, பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே வைத்துப் பாருங்கள். 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளைக் கழற்றிச் சுரண்டுங்கள். எண்ணூர் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்றால் இது சகஜம். பேட்டரி இரண்டும் சேர்ந்து அப்போது 19 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள், செல்ஃபைக் கழற்றாதீர்கள்!

ரோட்டில் தனியாக நிற்கும் டிரைவருக்கு லைட் போதும். சொந்தமாக வண்டி பார்ப்பவர் மீட்டர் வாங்குங்கள், பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியென்றால் கட்டாயம். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவின் வயர்களில் பல்பைக் கொண்டுபோய் வைக்கவே கூடாது.